டயலிசிஸ் செய்யிற அப்பாவைப் புது பொஸ்பேட் மருந்து ட்ரயலில சேர்க்கலாமா?

தங்கச்சி, நீங்க கேட்டது மற்றாக்களுக்கும் விளங்கட்டும் எண்டு ஒருக்கா சுருக்கிச் சொல்லுறன். அப்பாக்கு 63 வயசு, கிழமைக்கு ரெண்டு தரம் டயலிசிஸ், போன றிப்போட்டில பொஸ்பேட் (கிட்னி வேலை செய்யாட்டி ரத்தத்தில ஏறுற ஒரு உப்பு) 7.4, அதைக் குறைக்கிற கல்சியம் குளிசையும் செவலமரும் குடிக்கிறார் எண்டாலும் இறங்கேல்லை, இப்ப ஒரு இடத்தில புது பொஸ்பேட் மருந்து ட்ரயலுக்கு, அதாவது மருந்தை ஆக்களில குடுத்துப் பாக்கிற சோதினைக்கு, ஆள் எடுக்கினம் சேருங்கோ எண்டு கேட்டிருக்கினம், அம்மா 'என்ட மனிசனை எலியாக்கப் போறீங்களோ' எண்டு அழுறா, அதுக்குள்ள அமெரிக்காவில இருக்கிற மாமா அங்க டெனபனோர் எண்டு ஒரு பொஸ்பேட் மருந்து வந்திட்டுது வாங்கி அனுப்பவோ எண்டு கேக்கிறார்.

மாமாக்கு இப்போதைக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, ஏன் எண்டு பிறகு சொல்லுறன். ட்ரயலுக்கு நான் வேண்டாம் எண்டு சொல்லமாட்டன், ஆனா கொஞ்சம் விசயம் தெரிஞ்சுகொண்டு போய் கையெழுத்து வையுங்கோ. நான் டொக்டர் இல்லை, பாமசிஸ்ட், கொழும்பில ட்ரயல் மருந்துகளைக் குடுத்து வாங்கிக் கணக்குப் பாக்கிற வேலை கன வருசமா செய்யிற ஆள், அதால உள்ளுக்க என்ன நடக்குது எண்டு சொல்ல ஏலும், அப்பாக்கு எது சரி எண்டு முடிவு சொல்லவேண்டியது அவரைப் பாக்கிற கிட்னி டொக்டர், நெப்ரொலொஜிஸ்ட்தான்.

முதல்ல அந்த 7.4. அது டெசிலீட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. சில லாப்பில மில்லிமோல் கணக்கில குடுப்பினம், அதில இதே அளவு 2.4 எண்டு வரும், மாமா அனுப்புற கட்டுரையில ஒரு கணக்கும் உங்கட றிப்போட்டில இன்னொரு கணக்கும் இருந்தா குழம்பாதேங்கோ, மில்லிமோலை 3.1 ஆல பெருக்கினாச் சரி. நல்ல கிட்னி உள்ள ஆளுக்கு 2.5 இல இருந்து 4.5 வரைக்கும் இருக்கும். டயலிசிஸ் ஆக்களுக்கு 5.5க்குக் கீழ வையுங்கோ எண்டு 2003 இல அமெரிக்க வழிகாட்டி சொன்னது, பிறகு வந்த கேடிகோ எண்ட சர்வதேச வழிகாட்டி ஒரு நம்பரைப் பிடிச்சுக்கொண்டு நிக்காம, கூடியிருந்தா நோர்மல் பக்கமா இறக்கப் பாருங்கோ எண்டு மட்டும் சொல்லுது. ஏன் அவை இப்பிடி வழுக்கினமாதிரிச் சொல்லினம் எண்டதுதான் இந்தக் கதையின்ட மெயின் விசயம், கொஞ்சம் பொறுங்கோ.

அப்பான்ட பொஸ்பேட் ஏன் இறங்குதில்லை எண்டு வீட்டில அவரைப் பேசுறீங்க எண்டு எழுதியிருந்தீங்க. பேசமுன்னம் இந்தக் கணக்கை ஒருக்காப் பாருங்கோ. ஒரு நாளைக்கு சாப்பாட்டில 900 மில்லிகிராம் பொஸ்பரஸ் (சாப்பாட்டில பொஸ்பேட்டை இந்தப் பேரிலதான் அளப்பினம்) போகுது எண்டு வைப்பம், அது ஒண்டும் பெரிய சாப்பாடு இல்லை, அதில அறுபது வீதம் மட்டில குடல் உறிஞ்சினா ஒரு நாளைக்கு 540, கிழமைக்கு 3,800 கிட்ட. நாலு மணித்தியால டயலிசிஸ் ஒண்டில வெளியில போறது 800 மட்டில, நல்லாப் போனா 1,000. கிழமைக்கு மூண்டு தரம் செய்யிற ஆளுக்கு 2,400 போகும், ரெண்டு தரம் செய்யிற ஆளுக்கு 1,600 தான். அப்ப அப்பாக்குக் கிழமைக்கு 2,200 உள்ளுக்க மிஞ்சுது, ஒரு நாளைக்கு 300க்கு மேல. அதைக் குளிசையாலதான் பிடிக்கவேணும், ஒரு கிராம் கல்சியம் காபனேட் பிடிக்கிறது கிட்டத்தட்ட 40 மில்லிகிராம், அப்ப கல்சியத்தால மட்டும் பிடிக்கிறதெண்டா ஒரு நாளைக்கு எட்டு கிராம் குடிக்கவேணும், அதுக்குள்ள இருக்கிற சுத்தக் கல்சியம் 3 கிராமுக்கு மேல, பைண்டரால, அதாவது பொஸ்பேட்டைப் பிடிக்கிற குளிசையால, போற கல்சியம் ஒரு நாளைக்கு 1.5 கிராமைத் தாண்டக்கூடாது எண்டு அந்த 2003 வழிகாட்டியே சொல்லியிருக்கு. கொஞ்சம் யூரின் போற ஆக்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு மோசமா வராது, ஆனா மனிசன் களவா முறுக்குச் சாப்பிட்டதால மட்டும் வந்த 7.4 இல்லை இது எண்டு விளங்கும்.

இன்னொண்டு, மிசினை நல்லா ஓட்டினா எல்லாம் போகும் எண்டும் நினைக்காதேங்கோ. பொஸ்பேட்டில பெரும்பங்கு எலும்புக்குள்ளயும் செல்லுக்குள்ளயும்தான் இருக்கு, ரத்தத்தில ஓடுறது துளிதான். முதல் ஒண்டு ஒண்டரை மணித்தியாலத்தில ரத்தத்தில இருக்கிறது மளமளவெண்டு இறங்கும், பிறகு உள்ள இருந்து மெதுவாத்தான் வரும், முடிஞ்சு கொஞ்ச நேரத்தில திரும்ப ஏறியும் விடும். நேரத்தையும் தடவையையும் கூட்டினாத்தான் உண்மையா இறங்கும், இரவிரவா நீட்டிச் செய்யிற ஆக்களில சிலபேருக்கு பைண்டரே தேவைப்படாமப் போறது அதாலதான். எங்கட நாட்டில கனபேருக்கு ரெண்டு தரத்துக்கு இடம் கிடைக்கிறதே பெரும்பாடு, அதை உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

இனி மருந்துக் கதை. 70களில பொஸ்பேட்டுக்கு குடுத்தது அலுமினியம் ஹைட்ரொக்சைட். பொஸ்பேட்டைப் பிடிக்கிற வேலையை அதைப்போல வடிவா செய்யிற மருந்து பிறகும் வரேல்லை எண்டே சொல்லலாம், நம்பர் டக்கெண்டு இறங்கும், ஆனா டயலிசிஸ் தண்ணியில இருந்த அலுமினியமும் இந்தக் குளிசையில இருந்ததும் சேர்ந்து மூளையிலயும் எலும்பிலயும் படிஞ்சு ஆக்கள் பேச்சுக் குழறி, எலும்பு நொருங்கி, செத்தும் போச்சினம். நம்பர் இறங்கினது, ஆள் போயிட்டுது. பொஸ்பேட் மருந்து எண்டு எது வந்தாலும் இதை ஞாபகத்தில வச்சுக்கொண்டுதான் பாக்கவேணும். பிறகு கல்சியம், அது மலிவு, கவுண்மென்ட் ஆஸ்பத்திரியிலயே கிடைக்கும், ஆனா கூடினா ரத்தக்குழாயில சுண்ணாம்பு படியும் எண்ட பயம். 1998 இல செவலமர், 2004 இல சப்பிச் சாப்பிடுற லந்தனம், 2013, 2014 இல இரும்பு கலந்த ரெண்டு, எல்லாம் ஒரே யோசினைதான், சாப்பாட்டோட போய் குடலுக்குள்ள பொஸ்பேட்டைப் பிடிச்சு மலத்தோட வெளியில கொண்டுபோறது. அதாலதான் சாப்பாட்டோட குடிக்கச் சொல்லுறது, சாப்பிட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு ஞாபகம் வந்து குடிச்சா அதில பிரயோசனம் இல்லை. அமெரிக்காவில செய்த ஒரு கணக்கில டயலிசிஸ் ஆள் ஒராள் ஒரு நாளைக்கு நடுமட்டா 19 குளிசை குடிக்கிறார், அதில பாதிக்குக் கிட்ட பொஸ்பேட்டுக்கு. தண்ணியை அளந்து குடி எண்டு சொல்லிப்போட்டு 19 குளிசையையும் குடி எண்டா மனிசன் என்னதான் செய்யிறது.

அதாலதான் புதுசா வேற வழி தேடினவை. பொஸ்பேட்டைப் பிடிக்காம, குடல் உறிஞ்சிற வாசலையே அடைச்சா என்ன எண்டு. இந்த இடத்தில அம்மான்ட எலிக்கும் ஒரு பதில் இருக்கு. குடல் செல்லில பொஸ்பேட்டை உள்ளுக்க இழுக்கிற ஒரு புரதம் இருக்கு, அதை அடைக்கிறதுக்கு ஏஎஸ்பி3325 எண்டு ஒரு மருந்து செய்திச்சினம், எலியில நல்லா வேலை செய்தது, டயலிசிஸ் ஆக்களுக்குக் குடுத்துப் பாத்தா ஒண்டுமே நடக்கேல்லை. மனிசற்ற குடலில பொஸ்பேட் கூடுதலாப் போறது செல்லுக்குள்ளால இல்லை, ரெண்டு செல்லுக்கு நடுவில இருக்கிற இடுக்கால, எலிக்கு வேற மாதிரி. எலியில சரிவந்தது மனிசரில சரிவராது எண்டதாலதான் மனிசரில சோதிக்கவேண்டி வருது, அம்மாக்கு இதை அப்பிடியே சொல்லுங்கோ.

மாமா சொல்லுற டெனபனோர் அந்த இடுக்கை இறுக்குற மருந்து. குடல் செல்லில சோடியத்தை உள்ள எடுக்கிற ஒரு பம்பை அது அடைக்குது, அதால செல்லுக்குள்ள அமிலம் கொஞ்சம் கூடுது, இடுக்கு பொஸ்பேட்டுக்கு இறுகுது. முதல்ல 2019 இல மலச்சிக்கலோட வாற குடல் வருத்தம் ஒண்டுக்குத்தான் அமெரிக்காவில அனுமதி கிடைச்சது, சோடியம் குடலிலயே நிண்டா தண்ணியும் நிக்கும்தானே, மலம் இளகும். அதே விசயம்தான் டயலிசிஸ் ஆக்களில பக்கவிளைவா வந்து நிக்குது, 43 இல இருந்து 53 வீதம் வரைக்கும் ஆக்களுக்கு வயித்தோட்டம், கூடுதலா லேசானதுதான், ஒரு 5 வீதத்துக்கு கடுமை. டயலிசிசுக்குப் போகமுன்னம் அந்த வேளை மருந்தைக் குடிக்காதேங்கோ, அடுத்த சாப்பாட்டுக்கு முன்னால குடியுங்கோ எண்டு லேபிளிலயே எழுதியிருக்கு. நாலு மணித்தியாலம் கையில ரெண்டு ஊசியோட கதிரையில இருக்கிற ஆளுக்கு நடுவில டொய்லட் வந்தா என்ன பாடு எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

இதை எப்பிடி சோதிச்சவை எண்டு சொன்னா உங்கட அப்பாட்ட கேட்டிருக்கிற ட்ரயலும் என்ன மாதிரி இருக்கும் எண்டு ஒரு பிடி கிடைக்கும். பொஸ்பேட் ட்ரயல் கூடுதலானதில முதல் படி இருக்கிற பைண்டர் எல்லாத்தையும் நிப்பாட்டுறது, வோஷ்அவுட் எண்டு சொல்லுவினம், ரெண்டு மூண்டு கிழமை. ஏனெண்டா பழைய மருந்து இருக்கேக்க புதுசு செய்த வேலை எது எண்டு பிரிச்சுப் பாக்க ஏலாது. நிப்பாட்டினா பொஸ்பேட் ஏறும், ஏறவும் வேணும், டெனபனோர் ட்ரயலுகளில ஏறி 6க்கும் 10க்கும் இடையில வந்த ஆக்களைத்தான் சேர்த்தவை. இப்ப அப்பாக்கு மருந்தோடயே 7.4, நிப்பாட்டினா எங்க போய் நிக்கும்? இதுதான் நீங்க கேக்கவேண்டிய முதல் கேள்வி, எத்தினை நாள் நிப்பாட்டுவீங்க, எத்தினை நாளுக்கு ஒருக்கா ரத்தம் எடுப்பீங்க, எந்த அளவைத் தாண்டினா ஆளை வெளியில எடுத்துத் திரும்ப மருந்து குடுப்பீங்க. ஒழுங்கான ட்ரயலில இந்த மூண்டுக்கும் நம்பர் எழுதியே இருக்கும், 'பாத்துச் செய்வம்' எண்டு பதில் வந்தா எழும்பி வாங்கோ. ஒரு சில கிழமை ஏறிக் கிடந்தா பெரிய கேடு வரும் எண்டு பயப்பிடத் தேவையில்லை, ஆனா கடி கூடலாம், அதை முதலே அப்பாட்ட சொல்லவேணும், ராவு முழுக்கச் சொறிஞ்சுகொண்டு இருக்கிறது சின்ன விசயம் இல்லை.

பிறகு சீட்டுக் குலுக்கினமாதிரி ஆக்களை ரெண்டாப் பிரிப்பினம், ஒரு பக்கத்துக்கு புதுசு, மற்றப் பக்கத்துக்கு மருந்தில்லாத வெத்துக் குளிசையோ பழைய மருந்தோ. வெத்துக் குளிசை வந்தவைக்கும் பொஸ்பேட் கொஞ்சம் இறங்கும், இது கன ட்ரயலில நடக்கிற விசயம், பைண்டரோட சேர்த்து டெனபனோர் குடுத்துப் பாத்த அம்ப்ளிஃபை எண்ட ட்ரயலில நாலு கிழமையில மருந்துப் பக்கம் 0.84 இறங்கினது, வெத்துப் பக்கமும் 0.19 இறங்கினது. நேர்ஸ் அடிக்கடி கேக்கிறா, டயட்டிசன் பாக்கிறா, மனிசன் கொஞ்சம் ஒழுங்கா இருக்கிறார், அவ்வளவுதான். மருந்தின்ட சொந்த வேலை எண்டு எடுக்கவேண்டியது ரெண்டுக்கும் நடுவில இருக்கிற வித்தியாசத்தை மட்டும், அது 0.65. 7.4 இல இருந்து 0.65 கழிச்சுப் பாருங்கோ.

ஃப்ரீடம் எண்டு அவை செய்த பெரிய ட்ரயல் இன்னொரு விதம், 564 பேர், முதல் 26 கிழமை மருந்து எல்லாருக்கும் தெரியத்தான் குடுத்தது, ஒரு பக்கத்துக்கு டெனபனோர், மற்றப் பக்கத்துக்கு செவலமர், பிறகு டெனபனோர் குடிச்ச ஆக்களை திரும்பக் குலுக்கி அரைவாசிப் பேருக்கு சத்தமில்லாம வெத்துக் குளிசைக்கு மாத்தி 12 கிழமை பாத்தது, மாத்தின ஆக்களுக்கு ஏறினா மருந்து வேலை செய்தது எண்டு அர்த்தம். கெட்டித்தனமான வழிதான், ஆனா பெரிசா விளம்பரப்படுத்தின 1.4 வித்தியாசம் எங்க இருந்து வந்தது எண்டு பாத்தா, முதல் 26 கிழமையில 1.2க்கு மேல இறங்கின ஆக்களை மட்டும் எடுத்துச் செய்த கணக்கு அது. இறங்காத ஆக்களையும் சேர்த்து எல்லாரையும் பாத்தா வித்தியாசம் அதில பாதி அளவுதான். ஒளிச்சவை எண்டு நான் சொல்லேல்லை, கட்டுரையில எல்லாம் இருக்கு, ஆனா மாமாக்கு வாட்ஸப்பில வந்தது 1.4 மட்டும்தான். 2021 ஜூலையில எஃப்டிஏ, அமெரிக்காவில மருந்துக்கு அனுமதி குடுக்கிற இடம், இதை திருப்பி அனுப்பினது, இறங்கிற அளவு சின்னன், அதால நோயாளிக்கு என்ன பிரயோசனம் எண்டு தெளிவில்லை எண்டு. கொம்பனி அப்பீல் பண்ணி, 2022 நவம்பரில வெளி நிபுணர் குழு கூடி பெரும்பான்மையா ஓம் எண்டு வோட் பண்ணி, 2023 ஒக்டோபரிலதான் அனுமதி வந்தது, அதுவும் பைண்டர் போதாத அல்லது ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்கு மேலதிகமாச் சேர்க்கிற மருந்து எண்டு. நான் எஃப்டிஏ பக்கம் கொஞ்சம் சாய்வன், ஆனா எட்டுப் பத்துக் குளிசை குடிக்கிற ஆளுக்கு ரெண்டு சின்னக் குளிசை எண்டதுக்கும் ஒரு பெறுமதி இருக்குத்தானே, அதையும் தட்டிவிட ஏலாது.

என்ட வேலையில கண்ட ஒண்டு சொல்லுறன். ட்ரயலில ஒவ்வொரு முறையும் மிஞ்சின குளிசையை போத்திலோட திருப்பிக் கொண்டுவர வேணும், நாங்க தட்டில கொட்டி ஸ்பெட்டுலாவால அஞ்சஞ்சா தள்ளி எண்ணுவம். ஒரு ஐயா, எப்பவும் வெள்ளைச் சேட்டும் மடிப்புக் குலையாத சாரமுமா வாற மனிசன், கொண்டாற போத்தில் ஒவ்வொரு முறையும் காலி, ஒரு குளிசை கூடவும் இல்லை குறையவும் இல்லை. எனக்கு அங்கதான் இடிச்சது. உண்மையா குடிக்கிற ஆள் ஒண்டு ரெண்டு மறப்பார், கல்யாண வீடு செத்த வீடு எண்டு போவார், எண்ணிக்கை இப்பிடித் துல்லியமா வராது, அதுவும் ரத்தத்தில ஒரு மாற்றமும் இல்லை. மெதுவாக் கதைச்சுப் பாத்தா, 'நேர்ஸ் பிள்ளைக்கு மனசு நோகும் தம்பி' எண்டு சொல்லி மிச்சக் குளிசையை வாறதுக்கு முதல் நாள் கொட்டிப்போட்டு வந்திருக்கிறார். இப்பிடி பத்துப்பேர் இருந்தா நல்ல மருந்தும் தோத்த மருந்தாத் தெரியும், இல்லாட்டி டோஸ் காணாது எண்டு நினைச்சு அடுத்த ஆளுக்கு கூட்டிக் குடுப்பினம். அப்பா சேருறதெண்டா இதைச் சொல்லி விடுங்கோ, குடிக்காட்டி குடிக்கேல்லை எண்டு சொல்லலாம், ஒருத்தரும் பேசமாட்டினம்.

ரத்தம் எடுக்கிற நாளும் முக்கியம். கிழமைக்கு ரெண்டு தரம் எண்டா ஒரு இடைவெளி மூண்டு நாள், மற்றது நாலு நாள், நீண்ட இடைவெளி முடிஞ்சு எடுத்தா கூடத்தான் காட்டும். எடுத்த ரத்தம் கன நேரம் பிரிக்காம வெளியில கிடந்தாலும், குழாய்க்குள்ள ரத்த செல் உடைஞ்சாலும் பொஸ்பேட் பொய்யாக் கூடும். ட்ரயலில எப்பவும் ஒரே நாள், டயலிசிஸ் தொடங்க முன்னம், ஒரே லாப் எண்டு பாப்பினம். உங்கட 7.4 எந்த நாள் எடுத்தது எண்டு கொப்பியைப் புரட்டிப் பாருங்கோ, முந்தின றிப்போட்டுகளும் அதே நாளா எண்டும் பாருங்கோ.

இனி முதல்ல நிப்பாட்டி வச்ச விசயம். நம்பர் இறங்கினா ஆள் கூட நாள் இருப்பாரா? 1998 இல அமெரிக்காவில 6,400க்கு மேற்பட்ட டயலிசிஸ் ஆக்களின்ட தரவைப் பாத்து, பொஸ்பேட் 6.5க்கு மேல இருக்கிற ஆக்களுக்கு சாவு ஆபத்து 27 வீதம் கூட எண்டு காட்டினவை, அதுக்குப் பிறகு இதே மாதிரி கன ஆய்வு. ஆனா அது கூட இருக்கிற ஆக்கள் கூடச் சாகினம் எண்டு மட்டும்தான் சொல்லுது, மருந்தால இறக்கினா அந்த ஆபத்தும் இறங்குமா எண்டது வேற கேள்வி. டிகோர் எண்ட ட்ரயலில 2,103 பேர், செவலமரா கல்சியமா எண்டு பாத்தவை, 2007 இல முடிவு வந்தது, மொத்தச் சாவில வித்தியாசம் இல்லை, அதுவும் கிட்டத்தட்ட பாதிப்பேர் இடையில விலகிட்டினம். ஜப்பானில லான்ட்மார்க், 2,309 பேர், லந்தனமா கல்சியமா, 2021 இல முடிவு, இதய வருத்தத்தில வித்தியாசம் இல்லை. 2018 இல, நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பாக்கிற கொக்ரேன் எண்ட குழு ஆக்கள் 104 ஆய்வை ஒண்டாப் போட்டு அலசிச்சினம், கல்சியத்தை விட செவலமர் சாவைக் குறைக்கலாம் எண்டு ஒரு சாடை இருந்தது, ஆனா பைண்டர் குடிக்கிறதா ஒண்டுமே குடிக்காம விடுறதா எண்ட அடிப்படைக் கேள்விக்கு உறுதியான பதில் அதுக்குள்ள இல்லை. வழிகாட்டி எழுதுற ஆக்கள் ஒரு நம்பரைச் சொல்லத் தயங்குறது இதாலதான்.

அதாலதான் இப்ப ட்ரயலே வேற மாதிரி யோசிக்கத் தொடங்கினவை. அவுஸ்திரேலியா தலைமையில பொஸ்பேட் எண்டே பேர் வச்ச ஒரு பெரிய ட்ரயல், ஆயிரக்கணக்கில ஆள் எடுக்கிற திட்டம், எந்த மருந்து எண்டு பாக்கிறதில்லை, ஒரு பக்கத்து ஆக்களுக்கு மில்லிமோல் கணக்கில 1.5க்கு கீழ இறக்கிறது, மற்றப் பக்கத்து ஆக்களை 2.0க்கும் 2.5க்கும் நடுவில விட்டுவைக்கிறது, விட்டுட்டு இதய வருத்தத்தையும் சாவையும் எண்ணுறது. அமெரிக்காவில ஹைலோ எண்டு செய்ததும் இதே யோசினை, மில்லிகிராம் கணக்கில ஒரு பக்கம் 5.5க்குக் கீழ, மறுபக்கம் 6.5க்கு மேல. இப்ப உங்கட அப்பான்ட 7.4, மில்லிமோல் கணக்கில 2.4, அதைப் பாருங்கோ, அந்த 'விட்டுவைக்கிற' கூட்டத்துக்குள்ள அவர் வடிவாப் பொருந்துவார். 7.4 நல்லது எண்டு நான் சொல்ல வரேல்லை, கழுத்தில இருக்கிற பரதைரொயிட் சுரப்பியின்ட ஹோர்மோன் ஏறும், எலும்பு போகும், கடி வரும், அதெல்லாம் இருக்கு. ஆனா இறக்கோணும் எண்ட அவசரத்தில மனிசன் சாப்பாட்டையே வெறுத்து மெலிஞ்சு போனா அதுவும் டயலிசிஸ் ஆளுக்கு சின்ன ஆபத்து இல்லை எண்டதாலதான் படிச்ச டொக்டர்மாரே இந்தக் கேள்வியை திறந்து வச்சிருக்கினம்.

நான் மேல சொன்ன மருந்து ட்ரயல் எல்லாத்திலயும் வந்தவை கூடுதலா கிழமைக்கு மூண்டு தரம் டயலிசிஸ் செய்யிற ஆக்கள். அங்க 0.65 இறக்கின மருந்து, கிழமைக்கு 800 கூட மிஞ்சிற எங்கட ஆளில அதே மாதிரி செய்யுமா எண்டது அந்த ட்ரயலுகளில இருந்து தெரியவராது. சாப்பாடும் வேற, சோறு பருப்பில இருக்கிற பொஸ்பேட் கனக்க உறிஞ்சுப்படாது, அங்கத்தைய பெட்டிச் சாப்பாட்டில போடுற பொஸ்பேட் உப்பு கிட்டத்தட்ட முழுக்க உறிஞ்சுப்படும். அதாலதான் இஞ்ச ஒரு ட்ரயல் ஒழுங்கா நடந்தா எனக்குச் சந்தோசம், எங்கட ஆக்களில எடுத்த நம்பர் எண்டு ஒண்டு வேணும். ரெண்டு தரம் டயலிசிஸ் செய்யிற ஆக்களையும் எடுப்பீங்களா, எடுத்தா அவைக்குத் தனியா கணக்குப் பாப்பீங்களா எண்டு கேளுங்கோ, பதில் சொல்லுறவர் முழிச்சா அந்த ட்ரயலை யாரோ வெளிநாட்டில எழுதி அனுப்பினதை அப்பிடியே செய்யினம் எண்டு விளங்கும்.

பாதுகாப்புப் பக்கம். இலங்கையில மருந்து ட்ரயல் எண்டா எதிக்ஸ் கொமிட்டி அனுமதி வேணும், 2015 சட்டத்தால வந்த தேசிய மருந்து ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின்ட அனுமதியும் வேணும். அதோட இலங்கை மருத்துவச் சங்கம் 2006 இல இருந்து நடத்துற கிளினிக்கல் ட்ரயல் பதிவேடு ஒண்டு இருக்கு, ஒன்லைனில காசில்லாம ஆரும் பாக்கலாம், உங்களுக்குத் தந்த தாளில பதிவு நம்பர் இருக்கும், அடிச்சுப் பாருங்கோ, எத்தினை பேர், எதை எதோட ஒப்பிடுகினம், எதை அளக்கினம் எல்லாம் அதில வரும். வேற நாட்டுப் பதிவேட்டு நம்பரும் இருக்கலாம், அதுவும் சரி, ஒரு நம்பரும் இல்லாட்டித்தான் பிரச்சினை. சம்மதப் பத்திரத்தை தமிழில கேளுங்கோ, சிங்களத்தில வச்சுக்கொண்டு வாயால விளங்கப்படுத்தி கையெழுத்து வாங்க விடாதேங்கோ, வீட்ட கொண்டுபோய் ரெண்டு நாள் வச்சு வாசிக்கிறது உங்கட உரிமை. மருந்தால ஏதும் வந்தா வைத்தியச் செலவு ஆர் பாக்கிறது, இன்சூரன்ஸ் இருக்கா எண்டு அதிலயே இருக்கவேணும். நடுவில விலகினா இப்ப கிடைக்கிற டயலிசிஸ் இடத்தில கை வைக்கக்கூடாது, அம்மாக்கு உள்ளூரப் பயம் அதுதான் எண்டு நான் நினைக்கிறன், அதை நேரடியாவே கேட்டு எழுத்தில பாருங்கோ.

கனபேர் கேக்க மறக்கிறது, ட்ரயல் முடிஞ்சா மருந்து தொடர்ந்து கிடைக்குமா எண்டு. ஆறு மாசம் சும்மா குடுத்து நம்பர் இறங்கி மனிசனும் நிம்மதியா இருக்கேக்க, முடிஞ்சுது போயிட்டு வாங்கோ எண்டா பிறகு அதை ஆர் வாங்கிறது? மனிசரில ஆராய்ச்சி செய்யிறதுக்கு உலக டொக்டர்மார் எழுதின ஹெல்சிங்கி பிரகடனத்திலயே இதுக்கு முதலே ஒழுங்கு செய்யவேணும் எண்டு இருக்கு, கேட்டா தப்பா நினைக்கமாட்டினம், நினைச்சா நினைக்கட்டும்.

மாமான்ட பார்சல் ஏன் வேண்டாம் எண்டா, ஒண்டு, அப்பா ட்ரயலில சேருறதெண்டா வேற பொஸ்பேட் மருந்து ஒண்டு களவா உள்ள போனா கணக்கெல்லாம் பிழைக்கும், ஆபத்தும் கூட. ரெண்டாவது, ட்ரயலில சேராட்டியும், வயித்தோட்டம் பிடிச்சு தண்ணி போனா அப்பான்ட ட்ரை வெயிற் (டயலிசிஸ் முடியேக்க இருக்கவேண்டிய நிறை), பிரசர் குளிசை எல்லாம் மாத்தவேண்டி வரும், அந்த மருந்தைப் பாவிச்சுப் பழகாத யூனிட்டில அதை ஆர் கவனிக்கிறது, அடுத்த டயலிசிசில பிரசர் விழுந்து ஆள் மயங்கினா நேர்ஸ்மாருக்கு ஏன் எண்டே தெரியாது. மூண்டாவது, அது மேலதிகமாச் சேர்க்கிற மருந்து, மாசாமாசம் வேணும், மாமா எத்தினை மாசம் அனுப்புவார்? கனக்க உதவி செய்ய ஆசையெண்டா, கன்சல்டன்ட் ஓம் எண்டு சொன்ன பிறகு, ஒரு டயலிசிஸ் கூடச் செய்யிறதுக்கு மாசம் கொஞ்சம் காசு அனுப்பச் சொல்லுங்கோ, மேல போட்ட கணக்கின்படி மூண்டாவது டயலிசிஸ் ஒண்டு கிழமைக்கு 800 வெளியில கொண்டுபோகும், நான் இண்டைக்கு வாசிச்ச எந்தப் புதுக் குளிசையையும் விட அதில எனக்கு நம்பிக்கை.

ட்ரயலோ இல்லையோ அதுவரைக்கும் ஒண்டு செய்யலாம். அப்பா பின்னேரம் டயலிசிஸ் முடிஞ்சு வந்தா கெட்டிப் பால் டீ ரெண்டு கோப்பை எண்டு எழுதியிருந்தீங்க. பால்மாவில நூறு கிராமுக்கு 700க்கு மேல பொஸ்பரஸ், மேசைக்கரண்டி குவிச்சு ரெண்டு போட்டா ஒரு கோப்பையிலயே 150 வரைக்கும் போகும், ரெண்டு கோப்பை 300, அதில அறுபது வீதம் உறிஞ்சினாலே 180, அவருக்கு ஒரு நாளைக்கு மிஞ்சிறதில பாதிக்கு மேல. ஒரு கோப்பையைப் பிளேன்டீ ஆக்குங்கோ, மற்றக் கோப்பை அவருக்கே இருக்கட்டும், அதோட செவலமரில ஒண்டைக் குடிக்கச் சொல்லுங்கோ, பால் டீயும் சாப்பாடுதான். யூனிட்டில ரோல்சும் கட்லட்டும் சாப்பிடேக்க பைண்டர் பையுக்குள்ளயே கிடக்கிறதும் வழமை, சேட் பொக்கட்டில நாலு குளிசை போட்டு விடுங்கோ. தைரொயிட் குளிசை ஏதும் குடிக்கிறார் எண்டா மட்டும் செவலமரோட சேர்த்துக் குடுக்காதேங்கோ, அதையும் சேர்த்துப் பிடிச்சுக்கொண்டு போயிடும், நாலு மணித்தியாலம் மட்டில இடைவெளி விடுங்கோ. சம்மதப் பத்திரம் கையில கிடைச்சா அப்பான்ட பேர் விபரத்தை மறைச்சுப்போட்டு வோஷ்அவுட் பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போடுங்கோ, பாத்துச் சொல்லுறன்.